சிலம்பை உடைத்துக் காட்டு

குருமண்வெளித் துறையில் நின்றால் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் மண்டூர் தெரியும். அந்த நீரைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்று பெயர். சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறி முடிந்ததும் பாதை மெல்ல நகரத் தொடங்கும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நான் படிப்பித்த காலத்தில் என் விடைத்தாள்களில் பாதி அந்தப் பாதையில்தான் திருத்தப்பட்டன. மடியில் தாள்கட்டு, கையில் சிவப்புப் பேனை, காற்றுக்குத் தாள் பறக்காமல் மேலே சாப்பாட்டுப் பெட்டி.

ஒருநாள் தரம் 11 பிள்ளைகள் 26 பேருடைய விடைகள் என் மடியில் இருந்தன. முதல்நாள் புறநானூற்றின் 112ஆம் பாடலைக் கரும்பலகையில் எழுதி, அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லி, ஒரேயொரு கேள்வி கொடுத்திருந்தேன். ‘பாரி மகளிரின் துயரம் இப்பாடலில் எவ்வாறு வெளிப்படுகிறது? பாடலிலிருந்து சான்று காட்டி நான்கு வாக்கியங்களுக்குள் எழுதுக.’ பாடல் ஐந்தே அடி.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள். பாரி இறந்தான். மலை கைமாறியது. அதன்பின் அவனுடைய பெண்மக்கள் பாடியதாக வரும் பாட்டு இது.

பாதை கரையை விட்டு விலகுவதற்குள் ஐந்து தாள்களைப் படித்துவிட்டேன். ஐந்திலும் ஒரே வாக்கியம். ‘பாரி மகளிரின் துயரம் மிகவும் உருக்கமாகவும் அழகாகவும் படிப்போர் நெஞ்சைத் தொடும் வகையிலும் வெளிப்படுத்தப்பட்டுள்ளது.’ கட்டைப் புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் அதே வாக்கியம், சொல் மாறாமல். எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தனியார் வகுப்பொன்றில் அச்சடித்துக் கொடுத்த குறிப்பொன்று அந்த ஆண்டு பிள்ளைகளின் கொப்பிகளுக்குள் மடிந்து கிடந்தது. எந்தச் செய்யுளுக்கும் எழுதத்தக்க வாக்கியங்கள் அதில் வரிசையாக இருந்தன.

எனக்கு வந்தது கோபமில்லை, பயம். அந்த வாக்கியத்தைத் தாலாட்டுக்கும் எழுதலாம், ஒப்பாரிக்கும் எழுதலாம். பாட்டைக் கண்ணால் பார்க்காமலே எழுதலாம். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று, தன் முன்னே கிடக்கும் ஐந்து அடியைத் தொடாமலே அதைப் பற்றிப் பேசிவிட முடியும் என்று நம்பிவிட்டது. இந்த நம்பிக்கை பாடசாலையோடு நிற்காது. நாளைக்கு ஓர் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்து வைப்பதும், ஒரு வழக்கைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வதும் இங்கேதான் தொடங்குகின்றன என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

மிச்சத் தாள்களில் இரண்டு என்னை நிறுத்தின. ஒரு பையன் பாடலின் ஐந்து அடியையும் பிழையின்றி எழுதி, கீழே ‘எனப் பாடப்பட்டுள்ளது’ என்று முடித்திருந்தான். வேறொன்றும் இல்லை. ஒரு பெண்பிள்ளை பாடலிலிருந்து ஒரு சொல்லையும் எடுக்காமல் மூன்று சின்ன வாக்கியங்கள் எழுதியிருந்தாள். ‘அன்றும் நிலவு இருந்தது. இன்றும் நிலவு இருக்கிறது. அப்பா மட்டும் இல்லை.’

அவளுடைய வாக்கியங்களை இரண்டு தடவை படித்தேன். அவள் பாட்டைக் கண்டுவிட்டாள், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் எந்தச் சொல்லில் கண்டாள் என்பதைக் காட்டவில்லை. பையனோ எல்லாச் சொல்லையும் காட்டினான், என்ன கண்டான் என்று சொல்லவில்லை. ஒரே விடையின் இரு பாதிகள் இரண்டு தாள்களில் பிரிந்து கிடந்தன. மண்டூர்த் துறை வந்தபோது இருவருடைய தாளிலும் புள்ளி போடாமல் கட்டினேன்.

*

சான்று என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? நான் படித்த காலத்தில் அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் கட்டுரைகளின் ஓரத்தில் ‘மேற்கோள் போதாது’ என்று சிவப்பு மையில் எழுதி வரும். நான் மேற்கோளைக் கூட்டினேன். உயர்தர வகுப்பில் ஒரு பக்க விடைக்குள் மூன்று செய்யுள்களை முழுதாக இறக்கியிருக்கிறேன். புள்ளியும் வந்தது. வீட்டுச் சுவரில் படம் மாட்டுவதைப்போல விடையில் செய்யுளை மாட்டுவதுதான் மேற்கோள் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆசிரியராகி இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் அந்த எண்ணம் கழன்றது. கழற்றியது ஒரு கோயில் இரவு.

அம்மம்மாவின் ஊர் தம்பிலுவில். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து, குளிர்த்திச் சடங்கு வரைக்கும் கண்ணகியின் கதையான வழக்குரையைப் பாடுவார்கள். சின்ன வயதில் அம்மம்மாவின் சேலைத் தலைப்பில் தலைவைத்து, உடுக்கு ஒலிக்கு நடுவே அரைத் தூக்கத்தில் கேட்டது அது. நான் ஆசிரியராகிய பிறகு ஒரு வைகாசியில் முழு விழிப்போடு உட்கார்ந்து கேட்டேன். வீட்டுக்கு வந்து சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்துப் படித்தேன். நம் ஊர்ப் பாடலும் இளங்கோவின் காப்பியமும் வேறு வேறு நூல்கள். ஆனால் அவையில் நின்று வழக்குரைக்கும் அந்தப் பெண் இரண்டிலும் நிற்கிறாள். அன்றிரவு அவள் எனக்கு ஒரு விடை எழுதக் கற்றுக்கொடுத்தாள்.

‘தேரா மன்னா செப்புவ துடையேன்’ என்று தொடங்குகிறாள். தேர்தல் என்றால் ஆராய்தல். ஆராயாத அரசனே என்ற விளியிலேயே அவளுடைய வழக்கு முழுவதும் இருக்கிறது. சுற்றி வளைக்கவில்லை. தான் நிறுவப்போவதை முதற்சொல்லில் வைத்துவிட்டாள்.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் பாண்டியன். அப்போது அவள், ‘என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே’ என்கிறாள். அரி என்பது சிலம்புக்குள் இருக்கும் பரல். என் சிலம்பின் பரல் மாணிக்கம். அரசன் பதில் சொல்கிறான்: ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே.’ எங்களுடையதில் முத்து. சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி முன்னே வைக்கிறான். அவள் உடைக்கிறாள். ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.’

இந்த வரிசையைத்தான் நான் அதற்கு முன் கவனிக்கவில்லை. சிலம்பு உடைவதற்கு முன்பே, உள்ளே மணி இருந்தால் என்ன பொருள், முத்து இருந்தால் என்ன பொருள் என்பதை இருவரும் அவையறியச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் தெறித்த ஒரு மணி தீர்ப்பாயிற்று. அந்த இரண்டு அடிகளும் இல்லாமல் அவள் நேரே வந்து சிலம்பை உடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தரையில் ஒரு மாணிக்கம் உருண்டிருக்கும். அவையிலுள்ளவர்கள் அதன் அழகைப் பார்த்திருப்பார்கள். கோவலன் கள்வனாகவே இருந்திருப்பான்.

ஐந்து அடியையும் எழுதிவிட்டு ‘எனப் பாடப்பட்டுள்ளது’ என்று முடித்த பையன் செய்தது அதுதான். உயர்தரத்தில் நான் செய்ததும் அதுதான். மாணிக்கத்தைத் தரையில் உருட்டிவிட்டோம்.

பாண்டியன் விழுவதற்கு முன் சொல்வதையும் வகுப்பில் படித்துக் காட்டினேன். ‘பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்.’ தன் குற்றத்தை அவன் எந்த வினையால் சொல்கிறான் என்று பாருங்கள் என்றேன். ‘கேட்ட’ என்றான் ஒருவன் பின்வரிசையிலிருந்து. அரசனிடமும் ஒரு சிலம்பு இருந்தது, திறந்து பார்க்கக் கையும் இருந்தது. பார்க்காமல் இன்னொருவன் சொல்லைக் கேட்டான். அச்சடித்த குறிப்பைப் பற்றி அன்று நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஒன்றிரண்டு பிள்ளைகள் கொப்பிக்குள்ளிருந்த அந்தத் தாளை வெளியே எடுத்துப் பார்த்ததைக் கண்டேன்.

*

அடுத்த வாரம் முழுவதும் கரும்பலகையில் பாரி மகளிரின் பாட்டு அழியாமல் இருந்தது. நான் அழித்தது ஒவ்வொரு சொல்லாகத்தான்.

‘வென்றெறி முரசின்’ என்பதை அழித்தேன். ‘வேந்தர் எம் குன்றும் கொண்டார்’ என்று மிச்சம் நின்றது. “செய்தி குறைந்ததா?” என்று கேட்டேன். குறையவில்லை என்றார்கள். மலையை அரசர்கள் எடுத்தார்கள், அது இருக்கிறதே. “அப்படியானால் அந்தப் பிள்ளைகள் ஏன் அதைச் சொன்னார்கள்?” நெடுநேரம் அமைதி. பிறகு ஒரு பெண்பிள்ளை சொன்னாள், “டீச்சர், முரசு வெற்றிக்கு அடிப்பது. அவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும்.”

தகப்பன் இறந்த வீட்டுக்குப் பகைவரின் வெற்றி முரசு கேட்கிறது. இதை எந்தக் குறிப்பும் அவளுக்குக் கொடுக்கவில்லை. மூன்று சொல்லை அழித்து வைத்ததில் அவளே கேட்ட ஓசை அது. அதற்குப் பிறகுதான் நான் மரபுக் கதையைச் சொன்னேன். மூவேந்தரும் போரில் பறம்பை வெல்ல முடியாமல் சூழ்ச்சியால் பாரியைக் கொன்றார்கள் என்று சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் ‘வென்று’ என்ற சொல்லுக்குள் ஒரு குத்தல் இருக்கிறது. போரில் வெல்லாதவர்களை வென்றவர்கள் என்று அழைக்கும் பெண்களின் குரல் அது. இந்தச் செய்தி பாடலுக்கு வெளியே இருந்து வருகிறது. குறுவிடையில் அதற்கு அரை வாக்கியம் கொடுக்கலாம். அதுவும் ‘வென்றெறி’ என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு வந்தால் மட்டும். அந்தப் பிடியில்லாமல் பாரியின் கதை, முல்லைக்குத் தேர், கபிலரின் நட்பு என்று எழுதிக்கொண்டு போனால் வரி நிறையும், கேள்வி அப்படியே நிற்கும்.

பிறகு அ, இ என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் அழித்தேன். ‘அவ்வெண் நிலவு’, ‘இவ்வெண் நிலவு’ இரண்டிலும் முன்னெழுத்துப் போயிற்று. இரண்டும் ஒன்றாகிவிட்டன. வகுப்பில் யாரும் பேசவில்லை. ஐந்து அடியையும் எழுதிய அந்தப் பையனைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுதத் தொடங்கியிருந்தான். மறுநாள் கொண்டுவந்த விடை இது:

‘அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் அருகருகே வைப்பதால் பாரி மகளிரின் இழப்பு வெளிப்படுகிறது. “அவ்வெண் நிலவின்” தந்தையை “உடையேம்” என்றவர்கள் “இவ்வெண் நிலவின்” “இலமே” என்கின்றனர். ஒரு சுட்டெழுத்து மாறுவதற்குள் அவர்களுடைய வாழ்க்கை முழுவதும் மாறிவிட்டது. நிலவின் வெண்மை மட்டும் மாறவில்லை.’

நான்கு வாக்கியங்கள். முதல் வாக்கியம் கேள்வியின் சொற்களையே எடுத்து நேரே பதில் சொல்கிறது. ‘இக்கேள்விக்கு விடை காண்போமாயின்’ என்று வாசலில் நின்று செருப்பைக் கழற்றவில்லை. இரண்டாம் வாக்கியத்தில் பாடலின் சொற்கள் அவனுடைய வாக்கியத்துக்குள்ளேயே வேலை செய்கின்றன. முன்பு ஐந்து அடியை எழுதியவனுக்கு இப்போது போதுமாக இருந்தவை ஆறு சொற்கள். மூன்றாவதும் நான்காவதும், இந்தச் சொற்களில் தான் என்ன கண்டான் என்பதைச் சொல்கின்றன. கண்ணகி அரசனிடம் ‘மணியுடை அரியே’ என்று சொன்னதற்குச் சமமான இடம் அது. பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடும் இடமும் அதுதான். மேற்கோளை எழுதியதும் வேலை முடிந்தது என்று பேனையை வைத்துவிடுகிறார்கள்.

மேற்கோளைத் தன் வாக்கியத்துக்குள் வாங்கிக்கொள்வதில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. என்று, என, என்னும், என்கின்றனர் என்று ஒரு சின்னச் சொல் போதும், ஈராயிரம் ஆண்டுப் பழைய குரல் இன்றைய பிள்ளையின் வாக்கியத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஆனாலும் பிள்ளைகள் விடையை நிறுத்தி, முக்காற்புள்ளி போட்டு, புதிய வரியில் செய்யுளை எழுதி, மறுபடி புதிய வரியில் தொடங்குகிறார்கள். குறுவிடையில் அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. சொல் சரியாக நினைவில்லாவிட்டால் அடி முழுவதையும் தடுமாறி எழுதாதீர்கள், உறுதியாகத் தெரிந்த ஒரு சொல்லை மட்டும் எடுங்கள் என்று சொல்வேன். தவறாக எழுதிய நான்கு அடியைவிடச் சரியாக எழுதிய ‘இலமே’ ஒன்று போதும்.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஒரு பிள்ளை, ‘வெண்’ என்ற சொல் வெள்ளைச் சேலையைக் குறிக்கிறது, அதனால் அது துயரத்தின் நிறம் என்று எழுதியிருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. பிழை என்று நான் கோடு போடவில்லை, பாட்டையே கேட்கச் சொன்னேன். “அன்றைய நிலவும் வெண்மைதானே, அப்போது அப்பா இருந்தாரே?” என்று அடுத்த பிள்ளை கேட்டது. எழுதிய பிள்ளை சிறிது நேரம் கரும்பலகையைப் பார்த்துவிட்டுத் தானே வெட்டியது. ஆசிரியர் மறுப்பதற்கும் பாட்டு மறுப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. முன்னதில் பிள்ளை என்னிடம் தோற்கிறது. பின்னதில் அது பாட்டோடு பேசிக்கொண்டிருக்கிறது.

*

இதை எழுதும்போது ஒரு விடயத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் மாவட்டத்தில் இந்தப் பாட்டைப் படிப்பிப்பது எளிதல்ல. தகப்பனை இழந்தவர்கள், காணியை இழந்தவர்கள், இரண்டையும் ஒரே மாதத்தில் இழந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். போர் எடுத்தது ஒரு பக்கம், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எடுத்தது இன்னொரு பக்கம். வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான், ஆனால் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படங்களுக்குக் கீழேதான் அவர்கள் படிக்கிறார்கள். இந்தப் பாட்டை வாசித்ததும் பிள்ளையின் மனம் பாட்டை விட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுகிறது. ஆசிரியரின் மனமும் அப்படித்தான்.

அது இயல்பு. அதைத் தடுக்க நான் யார்? ஆனால் விடை எழுதும்போது மறுபடி பாட்டுக்குத் திரும்பி வரும்படி கேட்கிறேன். பறம்பு மலையில் இரண்டு பெண்கள் தங்கள் துயரத்தைச் சொல்ல எந்தச் சொற்களைத் தேடி எடுத்தார்கள் என்று பாருங்கள் என்கிறேன். நம் துயரத்தையே அவர்கள் வாயில் திணித்துவிட்டால் அவர்கள் சொன்னது நமக்குக் கேட்காமலே போய்விடும். சான்று கேட்பதன் கண்டிப்பு எனக்குப் பிடிப்பது இதனால்தான். அது பிள்ளையைப் பிறர் சொல்லில் நிற்க வைக்கிறது. அங்கே நின்று திரும்பி வரும் பிள்ளைக்குத் தன் வீட்டுத் துயரத்துக்கும் சொல் கிடைப்பதை நான் கண்டிருக்கிறேன். அதைப் பற்றி இங்கே மேலும் எழுத எனக்கு உரிமையில்லை.

*

தெரியாத பாட்டைவிட மனப்பாடமான பாட்டுத்தான் படிக்கக் கடினம். இதையும் ஒரு வகுப்பில்தான் கற்றேன்.

1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் ‘வெள்ளைநிற மல்லிகையோ’ பாட்டு கிழக்கு மாகாணப் பிள்ளைகளுக்குப் பாலோடு வருகிறது. காலைக் கூட்டத்தில் பாடுவார்கள், நவராத்திரியில் பாடுவார்கள், பரிசளிப்பு விழாவில் பாடுவார்கள். ‘உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது’ என்ற அடியை எழுதி, ‘கவிஞர் இறைவன் விரும்பும் மலராக எதைக் காட்டுகிறார்? சான்றுடன் விளக்குக’ என்று கேட்டேன். மிக எளிய கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டேன்.

ஒரு பையன் எழுதியிருந்தான்: ‘இறைவன் உள்ளம் என்னும் தாமரையின் மடியை விரும்புகிறார். தாய் மடியில் குழந்தை இருப்பதுபோல இறைவன் நம் உள்ளத்தின் மடியில் இருக்க விரும்புகிறார் என்பதை “கமல மடி” என்ற சொல் காட்டுகிறது.’

நான் பேனையை வைத்துவிட்டேன். இத்தனை ஆண்டு இந்த அடியைப் பாடியும் அதில் ஒரு மடி இருப்பது எனக்குக் கேட்டதே இல்லை. விடையின் அமைப்பும் குறையில்லாதது. நேரான பதில், பாடலின் சொல், அந்தச் சொல்லில் அவன் கண்டது, மூன்றும் இருந்தன. வாசிப்பு மட்டும் தவறு. அதைத் தவறென்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

பாட்டின் மற்ற இரண்டு பகுதிகளையும் பலகையில் எழுதினேன். ‘கூப்பியகைக் காந்தளடி கோமகனார் வேண்டுவது’, ‘நாட்டவிழி நெய்தலடி நாயகனார் வேண்டுவது’. அவனையே வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது அடியில் அவன் குரல் மெதுவானது. “காந்தளடி... நெய்தலடி... இங்கே மடி வராதே டீச்சர்,” என்றான். கமலம் மகரத்தில் முடிவதால் அங்கே மட்டும் மடி என்று ஒலிக்கிறது. மற்ற இரண்டு இடமும் அது ‘அடி’ என்று சாட்சி சொல்கின்றன. “அப்படியானால் அந்த அடி என்ன மகன்?” என்று கேட்டேன். அவனுடைய பக்கத்திலிருந்தவள் முந்திக்கொண்டாள். “வாடி, போடி என்பதில் வருகிற அடி!”

வகுப்பே ஒரு தடவை நிமிர்ந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து கைகூப்பி நின்று பாடிய பாட்டில் ஒரு பெண் தன் தோழியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். எந்தப் பூ, எந்தப் பூ என்று கேட்பவளுக்கு, அதுவுமல்ல இதுவுமல்ல, உள்ளம்தானடி என்று சொல்லும் நெருக்கம் அதில் இருக்கிறது. பெரிய உண்மையை உபதேசமாகச் சொல்லாமல் தோழி பேச்சாகச் சொல்கிறார் கவிஞர் என்பதற்கு அந்த ஒரு ‘அடி’ சான்று. மடி என்று எழுதிய பையன்தான் அன்று இதைக் கொப்பியில் எல்லோரிலும் நன்றாக எழுதினான். அவனுடைய தவறான வாசிப்பு இல்லாவிட்டால் அந்த வகுப்புக்கு அது கிடைத்திருக்காது. அச்சடித்த குறிப்பை ஒப்புவித்த பிள்ளைகள் அன்று தவறு விடவில்லை. தவறு விடும் அளவுக்கு அவர்கள் பாட்டுக்குக் கிட்டப் போகவில்லை.

சிறுகதை, நாவல், நாடகம் பற்றிய குறுவிடைகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. அங்கே பிள்ளைகளைக் கெடுப்பது கதை சொல்லும் ஆசை. பாத்திரத்தின் இயல்பைக் கேட்டால் பிறப்பிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு செயல், அல்லது ஒரு பேச்சு, எந்த இடத்தில் நடந்தது என்று அரை வரி, அந்தச் செயலில் தெரியும் குணம் என்ன, இவ்வளவுதான் வேண்டும். உரைநடையில் சொல்லுக்குச் சொல் மேற்கோள் தராமல் ஒரு நிகழ்வைச் சுட்டினாலும் சான்றுதான். ஆனால் அது அந்த ஒரு நிகழ்வாக இருக்க வேண்டும். ‘பல இடங்களில் அவர் நல்லவராக நடந்துகொள்கிறார்’ என்பது எந்த இடமும் இல்லாத பேச்சு.

*

மூன்று சின்ன வாக்கியம் எழுதிய அந்தப் பெண்பிள்ளையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவளுடைய தாளில் புள்ளி போடாமல், கீழே ‘இதை எந்தச் சொல்லில் கண்டாய்?’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் தானே கண்டுபிடிப்பாள் என்று நினைத்தேன். இரண்டு வாரம் திருப்பித் தரவில்லை. கேட்டால், “எழுதுகிறேன் டீச்சர்,” என்பாள். நான் நெருக்கவில்லை. அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.

ஒருநாள் பாடசாலை விட்டு மண்டூர்த் துறைக்கு நடந்து வந்தபோது பின்னால் ஓடிவந்து தாளைக் கொடுத்தாள். பாதை அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. துறையில் நின்றபடியே படித்தேன்.

‘பாரி மகளிர் தங்கள் துயரத்தைச் சொல்லும் வரிசையிலேயே அத்துயரம் வெளிப்படுகிறது. முதலில் “எந்தையும் உடையேம்” என்று தந்தையைச் சொல்லி, அதன் பிறகே “எம்குன்றும்” என்கின்றனர். இழந்ததைச் சொல்லும்போது குன்றை முதலில் சொல்லி, தந்தையைக் கடைசிக்குத் தள்ளி “எந்தையும் இலமே” என்று முடிக்கின்றனர். அதைச் சொல்ல அவர்களால் முடியவில்லை, சொன்ன பிறகு வேறு எதையும் சொல்லவும் முடியவில்லை.’

இருபது ஆண்டுக்கு மேல் நான் அந்தப் பாட்டைப் படித்திருக்கிறேன். அந்த வரிசை மாறியிருப்பதை அன்றுவரை கண்டதில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் தரையில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து, முழுப் புள்ளியும் போட்டேன். அவள் போகவில்லை.

“டீச்சர், ஒன்று கேட்கட்டுமா?”

“கேள் மகள்.”

“உடையேம் என்றால் நாங்கள் உடையவர்களாக இருந்தோம். அப்படியானால் இலம் என்றாலும் நாங்கள்தானே? ‘எந்தை இலன்’ என்று, அப்பா இல்லை என்று அவர்கள் சொல்லவில்லையே. இலம் என்றால்...” சற்று நிறுத்தினாள். “நாங்கள் இல்லை என்றுதானே வருகிறது?”

தன்மைப் பன்மைக் குறிப்பு வினைமுற்று என்று இலக்கணம் சொல்ல வாயெடுத்தேன். எந்தையை இல்லாதவர்களானோம் என்பதுதான் அதன் பொருள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டது அது மட்டுமில்லை. பாதை துறையில் வந்து முட்டியது, சைக்கிள்கள் இறங்கத் தொடங்கின. நான் தாளை மறுபடி அவளிடம் நீட்டி, கடைசி வாக்கியத்துக்குக் கீழே இதையும் எழுது என்றேன். அடுத்த பாதைக்கு இன்னும் நேரமிருந்தது. என் சிவப்புப் பேனையையே வாங்கி, துறையின் கட்டின்மேல் உட்கார்ந்து அவள் எழுதத் தொடங்கினாள்.